யாரினி

குப்பைப் பை திரும்பி வந்திருந்தது.
செவ்வாய், எரியும் குப்பை நாள்.
அதில் ஒரு தயிர் டப்பாவைப் போட்டுவிட்டேன்.
நெஞ்சில் சிவப்பு ஸ்டிக்கரோடு
பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளைபோல்
என் கதவோரம் உட்கார்ந்திருந்தது.
நாமெரிகாவாவில் எனக்கு வந்த முதல் கடிதம் அது.
அகராதி வைத்துக்கொண்டு
அரைமணி நேரம் படித்தேன்.

இரண்டாம் முறை பையைக் கொண்டுவந்தவள்
மேல்மாடி மினெகிஷி.
செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை,
விரல் நுனியில் எப்போதும் வெள்ளைப் பொடி.
டப்பாவை எடுத்துக் கழுவி
உதறி
சன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தாள்.
பாடம் முடிந்தது.

யாழினி, என்றேன்.
அவள் மொழியில் ழ இல்லை.
யாரினி, என்றாள்.
வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்டினேன்.
தொழில் பழக்கத்தில்
என் கடைவாய்ப் பல்லைப் பார்த்தபடி
மறுபடியும்
யாரினி.

யார் இனி?
மருந்துப்பெட்டி மடிக்கும் ஆலையில்
இரவுப் பணி முடித்து வரும்போதெல்லாம்
பேருந்தின் பக்கத்து இருக்கையில்
அந்தக் கேள்வி உட்கார்ந்து வந்தது.
பதில் சொல்ல அவளுக்குத் தெரியாது,
கேட்டதே தெரியாது.

ஞாயிறு மலைக்குப் போகலாமா என்று
படிக்கட்டில் மறித்துக் கேட்டேன்.
"ஞாயிறு கொஞ்சம்…"
மீதி வாக்கியத்துக்காக நின்றேன்.
அவளும் நின்றாள்.
விளக்கு தானாக அணைந்தது.
யாரோ ஏறி வந்ததில் மறுபடி எரிந்தது.
மூன்று மாதம் கழித்து ஒரு பாடப்புத்தகம் சொன்னது,
வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டதாம்.
நம் "பார்க்கலாம்" இருக்கிறதே,
அதன் ஒன்றுவிட்ட தங்கை.

தனியாகத்தான் சுற்றினேன்.
ஒற்றைப் பெட்டி ரயிலில் ஏறி
பெயர்ப்பலகையில் எனக்குப் படிக்கத் தெரிந்த
எழுத்துள்ள நிலையங்களில் மட்டும் இறங்கினேன்.
ஆறு. வயல். கல்.
எழுத்து இருந்தது, பல இடங்களில் ஆறு இல்லை.
ஒரு வெந்நீர்க் குளியலறையில்
முதுகு தேய்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள், எந்த ஊர்?
சொன்னேன்.
தூரம்தான், என்று தன் வாளியிலிருந்து
ஒரு குவளை வெந்நீர் ஊற்றினாள்.

ஏப்ரல். அமாவாசை. இரவு ஒரு மணி.
கதவைத் தட்டினாள் மினெகிஷி,
மார்புவரை ரப்பர் கால்சட்டையோடு.
கையில் இன்னொன்று.
"கணவாய் வரும். ஒருவேளை."
எனக்குக் கொடுத்ததில் இரண்டு பேர் நிற்கலாம்.
"முன்னாள் கணவருடையது கொஞ்சம்…" என்றாள்.
இம்முறை மீதிக்காக நான் நிற்கவில்லை.

கடற்கரை நெடுக வரிசையாய்க் கார்கள்.
கல்லூரிப் பையன்கள், ஒரு தபால்காரர்,
தூங்கும் குழந்தையை முதுகில் கட்டிய ஒருத்தி.
எல்லோரும் முழங்கால் நீரில்
எதையோ தொலைத்தவர்கள்போல் குனிந்திருந்தார்கள்.
மூன்று மணிவரை ஒன்றுமில்லை.
என் வலது பாதம் நனைந்திருந்தது,
கணவர் விட்டுப்போன ஓட்டை.
பிறகு அலைக்குள் ஒரு நீலம்
தீக்குச்சி உரசியதுபோல.
இன்னொன்று.
தபால்காரர் சத்தமில்லாமல் கையைத் தூக்கினார்.
என் வலையைவிட என் வாய் அகலமாகத் திறந்திருந்தது.

வாளியை எண்ணினோம்.
அவள் கணக்கில் ஒன்பது, என் கணக்கில் பத்து.
அவரவர் மொழியில் மறுபடி எண்ணினோம்.
அதேதான்.

என் சமையலறை. நாலரை.
பல்கூடத்து இடுக்கியால்
ஒவ்வொரு கணவாயின் கண்ணையும் பிடுங்கினாள்,
பல்லில் சிக்கும் என்று.
கொதிநீரில் சாம்பல் உருண்டு சிவப்பானது.
வாய் நிறைய இருக்கும்போது சொன்னாள்,
"சித்தோசே. என் பெயர்."
எட்டு மாதமாகக் குடும்பப் பெயரோடு பழகியவள் நான்.
சித்தோசே, என்றேன்.
எங்கோ பிசகியிருக்க வேண்டும்,
புருவம் ஒருகணம் ஏறி இறங்கியது.
திருத்தவில்லை.

வெளியே வெளுத்தது. செவ்வாய்க்கிழமை.
கண்கள் எரியும் குப்பைதான், என்றாள்.
ஏற்கெனவே போட்டிருந்தேன்.